குங்ஃபூ: காலம் ஈன்ற செல்வம்

குங்ஃபூ என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவது காற்றைக் கிழித்துப் பாயும் கையும் காலுமே. 1973-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எண்டர் த டிராகன்' திரைப்படமும், அவ்வாண்டிலேயே மறைந்த புரூஸ் லீயின் புகழும் இச்சொல்லைச் சண்டைக்கலையின் பெயராக உலகெங்கும் நிலைநிறுத்திவிட்டன. எனினும் சீன மொழியில் போர்க்கலைக்கு 'வூஷூ' என்ற வேறொரு சொல் உண்டு. அவ்வாறாயின் குங்ஃபூ என்பதன் பொருள்தான் என்ன?

'குங்' என்னும் எழுத்து, வேலையைக் குறிக்கும் உறுப்பும் வலிமையைக் குறிக்கும் உறுப்பும் சேர்ந்து அமைந்தது. உழைப்பையும், உழைப்பால் விளைந்த பயனையும் அது சுட்டும். 'ஃபூ' என்பதற்கு ஆள் என்பது பொருள். இரண்டும் இணையும்போது ஒரு செயலுக்காக ஒருவர் செலவிட்ட காலம், பட்ட பாடு, அதனால் கைவந்த திறன் ஆகிய மூன்றையும் அச்சொல் ஒருங்கே தாங்கி நிற்கிறது. எனவேதான் தேர்ந்த சமையற்காரரிடமும், தூரிகை பிடித்து எழுதும் கலைஞரிடமும் குங்ஃபூ உண்டு என்பர் சீனர். பொறுமையோடு சிறு குவளைகளில் வடித்துப் பருகும் தேநீருக்கும் அங்கே அப்பெயர் உண்டு. 'எனக்குக் குங்ஃபூ இல்லை' என்று ஒருவர் கூறினால், 'எனக்கு நேரமில்லை' என்பதே பொருள்.

ஐரோப்பியருக்கு இச்சொல்லை அறிமுகம் செய்தவர்களுள் சேசு சபைத் துறவியரும் இருந்தனர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. பெய்ஜிங்கில் பணியாற்றிய சிபோ அடிகளார், தாவோ துறவியரின் 'கொங்ஃபூ' பற்றி எழுதிய கட்டுரை 1779-இல் பாரிஸ் நகரில் அச்சேறியது. அவர் விவரித்தது நோய் தீர்ப்பதற்கான உடல்நிலைகளையும் மூச்சுப் பயிற்சியையுமே.

இக்கலையின் தோற்றம் பற்றி நம்மிடையே ஒரு பெருமிதம் உலவுகிறது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனருக்குப் போர்க்கலையைக் கற்பித்தார் என்பது அது. 2011-இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதனை மேலும் பரப்பியது. ஆனால் போதிதருமரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய அரசரின் மகன் என்கிறது. இரண்டிலும் போர்க்கலை பற்றிய பேச்சே இல்லை. அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பது ஆய்வாளர் முடிவு.

போதிதருமர் நம்மவர் என்றே கொள்வோம். அதனால் நம் கையில் ஒரு திறன் ஏறிவிடுமா? முன்னோர் கட்டிய கோயிலையும், முன்னோர் ஈட்டிய நற்பெயரையும் பேசிப் பேசி மகிழ்கிறோம். அவற்றிற்காக அவர்கள் செலவிட்ட காலம் அவர்களுடையது. நன்றியோடு பெற்றுக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. நம் உழைப்பைப்போல் எண்ணிச் செருக்குறும் உரிமை ஏது? நிலத்தை மகனுக்கு எழுதி வைக்கலாம். பொறுமையை எழுதி வைக்க எந்தப் பத்திரமும் இல்லை.

சீனச் சிந்தனையாளர்கள் குங்ஃபூ என்ற சொல்லை உள்ளத்தைப் பண்படுத்தும் இடையறா முயற்சிக்கும் வழங்கினர். 12-ஆம் நூற்றாண்டின் சூ சியும், 1472 முதல் 1529 வரை வாழ்ந்த வாங் யாங்மிங்கும் அவர்களுள் தலையாயவர்கள். வாங்கிடம் ஓர் அரசு அலுவலர் வந்து, வழக்குகளும் கணக்கேடுகளும் மிகுந்திருப்பதால் தம்மால் அவருடைய போதனையைப் பயில இயலவில்லை என்று முறையிட்டார். அலுவலை விட்டு விலகிப் பயிலுமாறு தாம் கூறியதில்லை என்றார் வாங். வழக்காட வந்தவன் துடுக்காகப் பேசினான் என்று சினம் கொள்ளாதிருத்தல், இனிக்கப் பேசினான் என்று மகிழ்ந்து சாயாதிருத்தல், வேலை மிகுதி என்று ஆராயாமல் தீர்ப்பளிக்காதிருத்தல் ஆகியவையே பயிற்சி என்று அவருக்கு உணர்த்தினார்.

'நேரமில்லை' என்று நாமும் எத்தனை முறை சொல்கிறோம்! மன்னிக்கவும், முதியோர் பேச்சைக் கேட்கவும், கூலியாளின் கணக்கை நேர்மையாகப் பார்க்கவும் ஓய்வு வரட்டும் என்று காத்திருக்கிறோம். ஓய்வு வருவதற்குள் சினமும் சலிப்பும் நமக்குப் பழகிவிடுகின்றன. ஏனெனில் காலம் வீணே கழிவதில்லை. நல்லதிலோ அல்லதிலோ அது நம்மை நாள்தோறும் தேர்ச்சி பெறச் செய்துகொண்டே இருக்கிறது. இன்று நம் வாசலில் வந்து நிற்பவரிடம் நாம் காட்டும் பொறுமையில்தான் நம் குங்ஃபூ தொடங்க வேண்டும்.