போகிறவர் கடமை, இருக்கிறவர் கடமை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க அக்காவோடு இருந்தேன். அன்று இரவு அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறார். காலையில் ஈப்போ கல்லுமலைக் கோயிலில் அர்ச்சனை. பிறகு மோட்டாரில் சுங்கை சிப்புட் பக்கம், பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்துக்கு. இப்போது எல்லாம் செம்பனை. லயம் இருந்த இடம் லாலான் காடு. முனீஸ்வரர் கோயில் மட்டும் இருக்கிறது. யாரோ விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

அங்கே உட்கார்ந்துதான் கேட்டேன்: "நீ போய்ட்டா அம்மாவ யாருக்கா பாத்துக்கறது?"

"ஏன், நீ இல்லையாடா?"

வாயடைத்துப் போனேன். படிப்பு முடிந்ததும் நானும் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ போவதாக மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். அக்கா வீட்டில் இருப்பார் என்பது அந்தக் கணக்கில் ஒரு மாறிலி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவின் பெயரைச் சொல்லி, என் வசதிக்குத்தான் வாதாடிக் கொண்டிருந்தேன்.

சமய வகுப்பில் அண்ணனோடு காட்டுக்குப் போன இலக்குவனைத்தான் அதிகம் புகழ்வோம். எனக்கு இப்போது பரதன்தான் பெரியவனாகத் தெரிகிறான். அழைக்கப் போனான், அண்ணன் வரவில்லை. பாதுகையை வாங்கிக்கொண்டு திரும்பி, நந்திகிராமத்தில் 14 ஆண்டுகள் பொறுப்பைச் சுமந்தான். 'நீ வரலன்னா எனக்கென்ன' என்று விட்டுவிடவில்லை.

இராமன் தந்தை சொல்லுக்காகப் போனான், உன் அக்கா சம்பளத்துக்காகத்தானே போகிறார் என்று நண்பர்கள் கேட்கலாம். ஆமாம், சம்பளத்துக்குத்தான். ஒரு சிங்கப்பூர் டாலர் 3 வெள்ளிக்கு மேல். அக்கா சம்பளத்தில்தான் என் செமஸ்டர் கட்டணம் போகிறது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் போவதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் கதையே இப்படித்தான். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். இருந்த இடத்தை விட்டுப் போகாமல் இருக்கக் காசு கட்டியவர்கள் அவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், போவதற்குக் காசு சேர்க்கிறோம். அதற்கும் முன்னால் பாட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது, வயசான தாயைப் பார்க்க ஒரு தம்பி ஊரிலேயே நின்றுவிட்டாராம். கப்பல் ஏறியவர் பெயரை வருஷா வருஷம் திதியில் சொல்கிறோம். அந்தத் தம்பி பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரவு அமான்ஜெயாவில் பஸ் ஏற்றிவிட்டேன். ஏறுமுன் அக்கா அம்மாவின் கிளினிக் அட்டையை என் கையில் வைத்தார். "மூணாவது செவ்வாய், காலைல எட்டு மணி. சாப்பிடாம கூட்டிட்டுப் போகணும், ரத்தம் எடுப்பாங்க."

செவ்வாய்க்கிழமை காலை எனக்கு லேப். விரிவுரையாளரிடம் இன்னும் கேட்கவில்லை.