சக்கரத்தின் முன் அமர்ந்தவர் யார்?

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாடவீதி மண்பொம்மைகளால் நிறைந்துவிடும். விலை பேசுவோர் ஆயிரவர். செய்தவர் யார் எனக் கேட்போரை நாம் கண்டதில்லை. பொம்மை கொலுப்படி ஏறுகிறது. செய்தவர் பெயரோ வாயிற்படியைக்கூடத் தாண்டுவதில்லை!

பழைய வழக்கந்தான் இது. சோழன் கிள்ளிவளவன் மாண்டபோது, இத்துணைப் பெரியோனை அடக்கவல்ல தாழியை எங்ஙனம் வனைவாய் என்று குயவரைப் பார்த்து இரங்குகிறார் ஐயூர் முடவனார். புறநானூற்றில் மன்னன் பெயர் இருக்கிறது, புலவர் பெயர் இருக்கிறது. குயவர் பெயர்? இல்லை.

இங்கிலாந்தில் மைக்கேல் கார்டியூ என்றொருவர்; 1901இல் பிறந்தவர், அரசு அலுவலர் மகன். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்றவர், 1923இல் செயின்ட் ஐவ்ஸ் சென்று பெர்னார்ட் லீச்சிடம் மண் பிசையக் கற்றார். 1926இல் வின்ச்கோம்பில் தாமே சூளை மூட்டினார். எளியோர் அடுக்களைக்குச் சாடியும் குவளையும் செய்யவேண்டும் என்பதே அவர் அவா. அவை இன்று அருங்காட்சியகங்களில் அவர் பெயர் தாங்கி நிற்கின்றன. அடுக்களைக்கு எட்டாத விலையில் என்பது வேறு கதை!

மண் ஒன்று, நீர் ஒன்று, நெருப்பும் ஒன்று. அங்கே கலைஞர், இங்கே ‘அடே குயவா’! ஏன்? திறமையில் குறைவா? இல்லை, தோழர்களே! கார்டியூ சக்கரத்தைத் தேடிச் சென்றார். வேண்டாமென்றால் எழுந்து போகவும் அவரால் முடியும். இங்கோ, பிள்ளை பிறக்குமுன்பே அதன் இடம் சக்கரத்தின் முன் என்று எழுதிவைத்தார்கள்.

1953இல் இராசாசி கொணர்ந்த கல்வித் திட்டம் அதையே அரசாணையாக்க முயன்றது. சிறிது நேரம் பள்ளி. மிச்ச நேரம் தந்தையின் தொழில். குலக்கல்வி என்று நாடு கொதித்தெழ, 1954இல் திட்டம் மடிந்தது. கைத்தொழிலின் மாண்பைப் பேசித்தான் அதற்கு வக்காலத்து வாங்கினார்கள். அத்தனை மாண்பு சக்கரத்தில் இருந்தால், மாடவீதி வக்கீல் வீட்டுப் பிள்ளையை ஏன் அதன்முன் உட்காரவைக்கவில்லை?

அப்படியானால் வீட்டிலே கற்ற தொழில் இழிவோ என நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். இழிவு தொழிலில் இல்லை. 1950களில் நைஜீரியாவின் அன்றைய அபுஜாவில் கார்டியூ பயிற்சிக்கூடம் நடத்தினார். 1954இல் அங்கே சேர்ந்த முதற் பெண் லாடி குவாலி. சிறுமியாய் இருந்தபோதே உறவுப் பெண்ணிடம் பானை வனையக் கற்றவர். சக்கரமின்றிக் கையாலேயே அவர் எழுப்பிய பானைகளில் பல்லியும் பாம்பும் மீனும் கோட்டுருவாய் ஊர்ந்தன. யாரோ ஒருத்தி செய்தது என்று அந்நாடு அவரை மறந்துவிடவில்லை. 20 நைரா நோட்டில் அவர் உருவத்தைப் பொறித்திருக்கிறது.