காட்சியா, கருதலா?

சீடன்: ஐயா, திங்கட்கிழமை முதல் சென்னை பெரியாஸ்பத்திரி பர்னார்டு கதிரியல் நிலையத்தில் இன்டர்ன்ஷிப். அனாடமி புத்தகத்தை மறுபடியும் புரட்டிவிட்டேன். இன்னும் எதைப் படிக்கட்டும்?

குரு: 1934இல் திறந்த இடம் அது. உன்னைப் போல வயிற்றைக் கலக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கும். படிப்பு இருக்கட்டும். எக்ஸ்ரேயில் நீ பார்ப்பது என்ன?

சீடன்: நுரையீரல், இதயம், எலும்பு. உள்ளே இருப்பதை நேராகவே பார்க்கிறோம்.

குரு: நேராகவா? சைவ சித்தாந்திகள் அறியும் வழிகளாகக் காட்சி, கருதல், உரை என்று அளவை மூன்று சொல்வார்களே, இது எதில் சேரும்?

சீடன்: கண்ணால் பார்க்கிறோம். காட்சிதான்.

குரு: கண்ணில் படுவது நிழல். முதுகுப் பக்கக் கட்டியும் மார்புப் பக்கக் கட்டியும் அதில் ஒரே இடத்தில் விழும். அதனால்தான் லேட்டரல் வியூவும் கேட்கிறார்கள். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்கன் 1895இல் பார்த்ததுகூடத் திரையில் ஒரு மினுக்கத்தைத்தான். கதிரைக் கருதித்தான் அறிந்தார். சரி, செஸ்ட் பி.ஏ. எப்படி எடுப்பாய்?

சீடன்: டியூப் 180 செ.மீ. தள்ளி, முதுகுப் பக்கம். நெஞ்சு டிடெக்டரை ஒட்டி. இதயம் முன்பக்கமாக இருப்பதால் நிழல் அதிகம் பெருக்காது.

குரு: எழுந்து நிற்க முடியாத பெரியவருக்குக் கட்டிலிலேயே போர்ட்டபிளில் முன்பக்கமிருந்து ஏ.பி. எடுத்தால் அதே இதயம் பெரிதாகத் தெரியும். மூச்சை முழுக்க இழுக்காதவருக்கும் அப்படித்தான். இதயம் வீங்கவில்லை, தம்பி, டியூப் இடம் மாறியிருக்கிறது. நீ 'ஏ.பி.' என்று குறிக்க மறந்தால் வீக்கம் என்றே ரிப்போர்ட் போய்விடலாம்.

சீடன்: அப்படியானால் கருதல்தான். புகையைக் கண்டு தீ உண்டென்று துணிவது.

குரு: பனிமூட்டத்தைப் புகையென்று கொண்டால்? தீயைச் சொல்வது ரேடியாலஜிஸ்ட் பாடு. புகை புகைதானா என்பது உன் பொறுப்பு. இதயம் வலப்பக்கம் அமைந்த ஆட்களும் உண்டு. 'ஆர்' மார்க்கர் வைக்காவிட்டால், படம் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

சீடன்: உரை மெய்யுணர்ந்தோர் வாக்கு அல்லவா? எக்ஸ்ரே அறையில் அது யார்?

குரு: நோயாளி. பெயரை நீ சொல்லாதே, அவரைச் சொல்லவிடு. "முருகனா?" என்று கேட்டால் காது மந்தமானவர் எவரும் தலையாட்டிவிடுவார். சீட்டில் இடது கை என்று இருக்கும். அவர் வலது கையைத் தாங்கிப் பிடித்திருப்பார். பெண்களிடம் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேள், தனியாகக் கூப்பிட்டு. படம் எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சீடன்: எடுத்து முடித்ததும், "தம்பி, பயப்படும்படி ஏதாவது இருக்கா?" என்பார்கள். கட்டி தெரிந்தும் தெரியாது என்றால் பொய்யாகாதா?

குரு: ஆகும். அதனால் 'தெரியாது' என்று சொல்லாதே. "படம் எடுப்பதுதான் என் வேலை, பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்" என்று சொல். முகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம், அதற்குப் புத்தகம் கிடையாது. ஆனால் நுரையீரல் சுருங்கி ஒரு பக்கம் முழுக்கக் காற்று நிற்பதாகப் பட்டால், அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிடாதே. ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடு.

சீடன்: நான் கருதியது தப்பாக இருந்தால்?

குரு: திட்டுவார். வாங்கிக்கொள்.