யாருடைய மடியில் கனம்?

‘மடியில கனமில்லாட்டி வழியில பயமெதுக்கு?’ பையைத் திறக்கச் சொல்லும் ஜவுளிக்கடைக்காரர்களின் பழமொழி இது. கனம் இருக்கிறதா என்பதல்ல நம் கேள்வி. யார் மடியை மட்டும் தடவிப் பார்க்கிறார்கள் என்பதே.

மங்கலத்திலிருந்து திருப்பூருக்கு, பனியன் கம்பெனிச் சம்பளத்தோடு துணி எடுக்கப் போகிறவள் திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டும். காரில் வந்து இறங்குகிறவருக்கு அதே காவலாளி சல்யூட் அடிக்கிறார். அவரும் பல நேரம் நம்ம ஆளுதான். சந்தேகம் முதலாளியுடையது, கை மட்டும் அவருடையது.

சீருடை போட்டுவிட்டால் போலீஸ் அதிகாரம் வந்துவிடாது. கண்ணெதிரே பெருங்குற்றம் நடந்தால் பிடித்துக்கொடுக்க யாருக்கும் உள்ள உரிமைதான் அவருக்கும். அப்போதும் 2024 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் சந்தேகத்தில் அறையில் அடைத்துவைப்பதுதான் குற்றம்.

நியூயார்க்கில் கறுப்பின வாடிக்கையாளரைக் குறிவைத்ததாக எழுந்த புகாரில் பார்னிஸ் கடை 2014இல் 5,25,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே தோல். இங்கே செருப்பு, பேச்சு, ஊர்ப்பேர்.

சாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாத இடங்களை அடுக்கும் அரசியல் சட்டத்தின் 15(2) முதலில் சொல்வது கடைகளைத்தான். கிணறும் குளமும் அதற்கப்புறம்.

எல்லாரையும் சோதிக்கட்டும், வரிசையில் நிற்போம். நம்மை மட்டும் என்றால், ‘ஏனுங்க எங்களை மட்டும்?’ என்று அங்கேயே, நாலு பேர் கேட்கக் கேட்போம்.