சிறியவர்க்குச் செய்யும் சேணம்

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா, நெவாடா போன்ற மேற்கு மாநிலங்களின் மாட்டுப் பண்ணைகளில் மந்தையைத் திரட்டும் வேலை இன்றும் பல இடங்களில் குதிரைமேல்தான் நடக்கிறது. பெற்றோருடன் அந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சேணம் வேண்டும். பெரியவர்களின் சேணத்தில் இருக்கை பொதுவாக 15 அல்லது 16 அங்குலம்; பிள்ளைகளுக்கு 10 முதல் 13 அங்குலம் போதும். சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளை வளர்ந்துவிடும். அப்படியிருக்க, ஓர் ஆயுள் உழைக்கும் தரத்தில் அந்தச் சேணத்தைச் செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

சேணத்தின் உள்ளே இருப்பது மரச்சட்டம். குதிரையின் முதுகெலும்புக்கு இருபுறமும் படியும் இரண்டு பலகைகள், முன்னே அவற்றை இணைக்கும் வளைவு, அதன்மேல் கயிறு சுற்றுவதற்கான கொம்பு, பின்னே இடுப்பைத் தாங்கும் மேடு ஆகியவை அதன் உறுப்புகள். பதனிடாத தோலை நனைத்துச் சட்டத்தின்மேல் போர்த்தித் தைப்பார்கள். காயும்போது அது சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

குழந்தைச் சேணத்தில் பெரும் பிழை நேர்வது இந்தச் சட்டத்தில்தான். பண்ணையில் குழந்தைக்குப் பெரும்பாலும் வயதான, சாதுவான, முழு வளர்ச்சியுள்ள குதிரையையே கொடுப்பார்கள். இருக்கையைச் சுருக்கும்போது பலகைகளையும் மட்டக்குதிரையின் அளவுக்குக் குறுக்கினால், அவை பெரிய குதிரையின் முதுகில் சரியாகப் படியாமல் சில இடங்களில் மட்டும் அழுத்திப் புண்ணாக்கும். இருக்கை குழந்தையின் அளவுக்கும், பலகைகள் குதிரையின் அளவுக்கும் இருக்க வேண்டும்.

மேலே வருவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த மாட்டுத்தோல். பெரிய சேணத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலை எடுப்பார்கள். அதை நனைத்து, பாதி உலர்ந்த பதத்தில் சட்டத்தின்மேல் இழுத்துப் படியவைத்தால், காய்ந்தபின் அந்த வடிவத்திலேயே நிற்கும். சிறிய சட்டத்தின் நெருக்கமான வளைவுகளுக்கு அவ்வளவு தடித்த தோல் எளிதில் வளையாது. குழந்தை தானே தூக்கிப் போட எடையும் குறைய வேண்டும். அதனால் சில பாகங்களுக்கு மெல்லிய தோல் போதும். ஆனால் வயிற்றுவாரையும் அது மாட்டும் வளையங்களையும் தாங்கும் தோலில் தடிப்பைக் குறைக்கக் கூடாது. சேணம் சரியாமல் இருப்பது அவற்றை நம்பித்தான்.

இருக்கை தொடைக்கு அடியில் ஒடுங்கியிருக்க வேண்டும். அகன்றால் குட்டைக் கால்கள் விரிந்து பிடிப்பை இழக்கும். அங்கவடி தொங்கும் தோலை நனைத்து முறுக்கி, அங்கவடி பாதத்தை நோக்கித் திரும்பி நிற்கும்படி பழக்குவார்கள். சிறிய சேணத்தில் அந்தத் தோல் நீளம் குறைவாக இருப்பதால் முறுக்குவது கடினம். அதை விட்டுவிட்டால் குழந்தையின் முழங்கால் திருகி வலிக்கும். குழந்தை வளர வளர அங்கவடியை இறக்கிக்கொள்ள அதன் வாரில் கூடுதல் துளைகள் வேண்டும். அங்கவடியின் முன்புறத்தைத் தோலால் மூடிவிட்டால் பாதம் உள்ளே நழுவிச் சிக்காது. விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துச் செல்லும் ஆபத்து குறையும்.

இவ்வளவு உழைப்பும் ஒரு பிள்ளையோடு முடிவதில்லை. அடிப்புற ஆட்டுரோமத்தை மாற்றி, நைந்த தையலைப் புதுப்பித்தால் அதே சேணம் தம்பிக்கும் தங்கைக்கும், பிறகு அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஒரே பிள்ளைக்கு, சில ஆண்டுகளுக்கு மட்டும் என்றாலும் பதில் மாறாது. பெரியவருக்குச் சேணம் சரியில்லையென்றால் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுவருவார். முதுகு புண்ணான குதிரையால் அதைச் சொல்ல முடியாது. கால் வலிக்கும் குழந்தையோ தனக்குத்தான் சவாரி வரவில்லை என்று நம்பிவிடும். பொருளின் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொள்பவர்களுக்காகச் செய்யும்போது கவனம் கூடத்தான் வேண்டும். சேணமானாலும் செருப்பானாலும் பள்ளி மேசையானாலும், குழந்தைக்குச் செய்வதில் அளவு மட்டுமே குறையலாம். வேலை குறையக் கூடாது.