அமிர்ததாரையும் மூளைநீரும்

ஹைதராபாத் நகரத்து அமீர்பேட்டில், கணினிப் பயிற்சிக் கூடங்களின் விளம்பரப் பலகைகள் ஆகாயத்தையே மறைத்து நிற்கும் வீதிகளுக்குச் சற்று அப்பால், பல்கம்பேட் எல்லம்மா கோயில் இருக்கிறது. தரைமட்டத்துக்குக் கீழே, பழைய கிணறு ஒன்றினுள் அம்பிகை எழுந்தருளியிருக்க, அங்கே ஊறும் நீரைத் தீர்த்தமென்றும் நோய் தீர்க்கும் மருந்தென்றும் பக்தர்கள் கொண்டாடுகிறார்கள். அதே வட்டாரத்தில் அரசாங்க இயற்கை வைத்தியசாலையும், நவீன சத்திர சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகளும் உள்ளன. தீர்த்தமும் வைத்தியமும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில் நின்றுகொண்டு, நம் காலத்தில் பரவிவரும் விசித்திரமான சித்தாந்தம் ஒன்றை ஆராய்வது தகும். சிரசிலிருந்து ஒழுகுவதாக யோகிகள் சொன்ன அமிர்தம், மூளையைச் சூழ்ந்துள்ள நீரே என்பதுதான் அது.

இதற்கு ஒரு கவர்ச்சி உண்டென்பதை மறுப்பதற்கில்லை. சிரசிலுள்ள சந்திரனிடமிருந்து ஒழுகும் அமிர்தத்தை நாபியிலுள்ள சூரியன் விழுங்கிவிடுவதாலேயே தேகம் மூப்படைகிறது என்றும், நாவை அண்ணத்துக்கு மேலே மடித்து அந்தத் துவாரத்தை அடைப்பவன் மரணத்தை வெல்கிறான் என்றும் ஹடயோக பிரதீபிகை கூறுகிறது. இவ்வாறு நாவை மடிக்கும் கேசரி யோகத்தைத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் தனியே பேசுகிறது. நாசியின் உச்சியில் விழுந்த ஓட்டையை அடைத்து மூளைநீரைக் காக்கும் சிகிச்சையைப் பற்றி ஒருவன் கேள்வியுற்றால், யோகி நாவினால் செய்ததை வைத்தியர் கருவியினால் செய்கிறார் என்று அவன் உள்ளம் குதூகலிப்பது இயல்பே. ஆயினும் குதூகலம் பிரமாணமாகாது.

மூளையின் உள்ளறைகளில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் சுரந்து, ஒரு சமயத்தில் சுமார் 150 மில்லிலிட்டர் மட்டுமே தங்கி, எஞ்சியது இரத்தத்தில் கலந்துவிடும் தெளிந்த உப்புநீரே இந்த மூளைநீர். சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இதில் மிதப்பதால், தன் பாரத்தால் தானே நசுங்காமல், 50 கிராம் அளவே கனப்பதுபோல் இலேசாக அமர்ந்திருக்கிறது. மகத்தான ஏற்பாடுதான், ஆனால் ஞானிக்கும் திருடனுக்கும் பேதமின்றிச் சுரக்கும் இந்நீர் அமிர்தமானால், நாம் அனைவரும் பிறவியிலேயே அமரராகியிருக்க வேண்டும். மேல்நாட்டாருக்கும் இப்படியொரு மயக்கம் இருந்தது. மூளையிலிருந்தே சளி மூக்கில் வடிகிறது என்று கேலன் காலந்தொட்டு நம்பியிருந்தவர்களுக்கு, அத்தகைய வழி ஆரோக்கிய தேகத்தில் இல்லையென்று 17ஆம் நூற்றாண்டில் காட்டியவர் ஜெர்மானிய வைத்தியர் கொன்ராட் ஷ்னைடர்.

வழி திறந்துகொண்டால் அது வியாதி. மண்டையில் அடிபட்டோ, முந்தைய அறுவையினாலோ, மண்டைக்குள் அழுத்தம் மிகுந்தோ, மூளைக்கும் நாசிக்கும் இடையிலுள்ள சல்லடை போன்ற மெல்லெலும்பும் அதன்மேல் படர்ந்த உறையும் கிழியும்போது நீர் மூக்கில் சொட்டுகிறது. அது வெளியேறும் வழியே கிருமிகளும் உட்புகுந்து மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடும். 1926இல் அமெரிக்காவின் வால்டர் டேண்டி மண்டையோட்டைத் திறந்தே இக்கிழிசலை அடைத்தார். அம்முறையில் பலர் வாசனையறியும் சக்தியை இழக்க நேர்ந்தது. 1981இல் ஜெர்மனியின் விகாண்ட் எண்டாஸ்கோப்பைக் கொண்டு மூக்கின் வழியாகவே அடைத்த விருத்தாந்தத்தை வெளியிட்டபின் மார்க்கம் மாறிற்று. இன்று வைத்தியர் நாசித் துவாரத்தில் மெல்லிய குழலைச் செலுத்தி, கசியும் இடத்தைக் கண்டு, தொடையிலிருந்து எடுத்த சவ்வையோ, மூக்கின் நடுச்சுவரிலிருந்து உரித்த சளிச்சவ்வையோ அடுக்காகப் பதித்து மூடிவிடுகிறார். முகத்தில் தழும்பு விழுவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு முதல் முறையிலேயே கசிவு நின்றுவிடுகிறது.

இங்கேதான் தத்துவத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. தொடையின் சவ்வு மூளையின் அடித்தளமாக அமைந்த பின்னும், மயக்கம் தெளிந்து கண் விழிப்பவன் தன்னைப் பழைய ‘நான்’ என்றே அறிகிறான். தேகத்தை க்ஷேத்திரமென்றும் அதை அறிபவனை க்ஷேத்ரஜ்ஞனென்றும் கீதையின் 13ஆம் அத்தியாயம் பிரித்ததன் கருத்தை, சீசாவில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பக்கூடிய ஒரு திரவத்தை அமிர்தமென்பவர்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். விஞ்ஞானத்தின் சான்றிதழ் கிடைத்தாலொழியத் தம் முன்னோரின் அனுபவத்தை நம்ப முடியாத ஒரு கூச்சமே இச்சித்தாந்தத்தின் வேர் என்பது என் அபிப்பிராயம். பக்தியின் வேஷம் தரித்த அவநம்பிக்கை அது. யோகியின் அமிர்தத்தைச் சாதனையினால் தேடுக. மூளைநீரை வைத்தியரிடம் விட்டுவிடுக.

ஆகையால் இதைப் படிப்பவர்களில் எவருக்கேனும், குனியும்போது ஒரு மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர்போல் தெளிந்து சொட்டி, தொண்டையில் உப்புக் கரிக்குமானால், ஜலநேதியையும் பிராணாயாமத்தையும் நிறுத்திவிட்டு, மூக்கைப் பலமாகச் சிந்தாமல், அந்நீரைச் சுத்தமான சீசாவில் சிறிது பிடித்துக்கொண்டு, காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் உடனே செல்வார்களாக. பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதில் உண்டா இல்லையா என்ற பரிசோதனை, அது சளியா மூளைநீரா என்பதைச் சொல்லிவிடும்.