இருபத்தைந்து வயதில் ஓய்வு

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோது, அங்கே எஞ்சியிருந்த தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். ஒரு காலத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்த இடம் அது. பெரும்பாலோர் அதற்குச் சில மாதங்கள் முன்பே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டு வெளியேறிவிட்டார்கள். அவர்களில் பலர் முப்பது வயதைத் தொடாதவர்கள்.

சட்டம் மீறப்பட்டதா என்று கேட்டால் விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும். அன்று நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. தொழிலாளி தானாக ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பு ஆகாது என்றும் அதே சட்டம் சொன்னது. ஆக, அறக்கேள்வி முழுவதும் அந்த ஒரு கையெழுத்தில் வந்து நிற்கிறது.

யாரும் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அன்றைய நிலை என்ன? கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டது. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. இன்று இந்தத் தொகையை வாங்காவிட்டால் நாளை இதுவும் கிடைக்குமா என்று அஞ்சுகிறவரின் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கொள்வது கடினம்.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. விற்காத பொருளைச் செய்துகொண்டே இரு என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆலையை முடக்கியது வரித்துறை. கொடுத்த தொகையும் சட்டம் கேட்டதைவிடக் கூடுதல்தான். ஆனால் சட்டம் கேட்டது எவ்வளவு? முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். ஆறு ஆண்டு உழைத்தவருக்கு 90 நாள் சம்பளம். மூன்று மாதத்தில் கரைந்துவிடும். ஒரே ஆலையில் தலை நரைப்பவர்களை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இது. பதினெட்டில் சேர்ந்து இருபத்தைந்தில் வெளியேறுகிறவருக்கு இது பொருந்தவே பொருந்தாது.

இளைஞர்கள் தற்செயலாக வந்து சேரவில்லை. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு, குறிப்பாகப் பெண்களை, கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அழைத்து வருவது மின்னணுத் தொழிலின் வழக்கம். கூர்மையான கண், வேகமான விரல், இரவு ஷிப்டைத் தாங்கும் உடம்பு: இவற்றுக்காகத்தான் அந்த வயது தேவைப்படுகிறது. அந்த ஆண்டுகளில் வெளியே படித்திருக்கலாம், வேறு தொழில் பழகியிருக்கலாம். லைனில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவர் வெளியே எடுத்துச் செல்லும் திறன் சொற்பம். வயதைப் பார்த்து ஆள் எடுத்த நிறுவனம், இழப்பீட்டுக்குச் சேவை ஆண்டை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது. பணத்தோடு பயிற்சியையும், எல்லாவற்றுக்கும் மேலாக அவகாசத்தையும் அது தந்திருக்க வேண்டும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. கடைசிக் கார் வெளிவந்தது 2022 ஜூலையில். அங்கும் மனக்குறைகள் இருந்தன, போராட்டமும் நடந்தது. என்றாலும் பேசிப் பார்க்கப் பத்து மாதமாவது கிடைத்தது.

ஆட்களை வேலையிலிருந்து அனுப்புவதற்குச் செலவு கூடினால் முதலாளிகள் காண்ட்ராக்ட் ஆட்களையே நாடுவார்கள் என்பது வழக்கமான மறுப்பு. இப்போதும் அதுதானே நடக்கிறது? காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு விருப்ப ஓய்வு என்ற பேச்சே எழுவதில்லை. நோக்கியாவை நம்பி அதே வளாகத்தில் இயங்கிய ஃபாக்ஸ்கான் ஆலையும் 2014 டிசம்பரில் நின்றது. ஒரு கம்பெனியின் முடிவு எத்தனை வாசல்களைத் தொடும் என்பதை எந்த செட்டில்மெண்ட் கணக்கும் சொல்வதில்லை.

முன் அனுமதிக்கான வரம்பை நூறிலிருந்து முந்நூறாக உயர்த்தும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பை நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றியது. சட்டத்தின் காவல் சுருங்கும்போது ஒப்பந்தத்தின் பொறுப்பு கூடுகிறது. நிலமும் வரிச்சலுகையும் தந்து நிறுவனங்களை அழைப்பது அரசு. 2005இல் நோக்கியாவை அழைத்ததும் அப்படித்தான். எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள் என்று கேட்கும் அதே மேசையில், எத்தனை மாத அறிவிப்போடு, என்ன பயிற்சியோடு, எவ்வளவு தொகையோடு அவர்களை அனுப்புவீர்கள் என்பதையும் அரசு எழுதி வாங்க வேண்டும்.